கடைசி அத்தியாயம் இல்லாத பேய்

எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு பஞ்சாயத்து. ஐந்தாவது படிக்கும் பையன் ஒருவன் லைப்ரரியிலிருந்து பேய்க்கதைப் புத்தகம் எடுத்துவந்து படித்திருக்கிறான். அன்றிலிருந்து தனியாக பாத்ரூம் போக மாட்டேன் என்கிறானாம். "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு? நல்ல நீதிக்கதையா கொடுக்கலாமே" என்று அவன் அம்மா எழுத, ஆளாளுக்குக் கட்டைவிரல் போட்டார்கள். நான் மட்டும், "புக்கை முடிச்சுட்டானா?" என்று கேட்டேன். "ரெண்டு தடவை" என்று பதில் வந்தது.

அதற்குமேல் அங்கே வாயைத் திறக்கவில்லை. இங்கே திறக்கிறேன்.

நான் வளர்ந்தது திருவல்லிக்கேணியில், பார்த்தசாரதி கோயில் மணி காதில் விழுகிற தூரத்தில், எட்டுக் குடித்தனம் இருந்த வீட்டில். கழிப்பறை கொல்லைக் கோடியில். ராத்திரி போக வேண்டுமென்றால் முற்றம், கிணற்றடி, துவைக்கிற கல் எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். மொத்தத்துக்கும் ஒரே ஒரு குண்டு பல்பு. அதுவும் கரண்ட் இருந்தால்.

அத்தை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தெருமுனை லெண்டிங் லைப்ரரியில் மாதச் சந்தா. அந்த லைப்ரரிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே பாதி சரக்கு புத்தகமே கிடையாது. வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, காலிகோ அட்டை போட்டுத் தைத்த பைண்டிங்குகள். கதைக்கு நடுவே பாதிச் சமையல் குறிப்பு வரும், கூந்தல் தைல விளம்பரம் வரும், பல்லிளிக்கும் ஜோக் வரும். ஜன்னல் கம்பி வழியாக ஒரு கை உள்ளே நீளும் இடத்தில் பக்கம் முடியும். திருப்பினால் பூண்டு ஊறுகாய் போடுவது எப்படி. அந்தப் பூண்டு ஊறுகாயைத் தாண்டி அடுத்த பக்கம் போவதற்குள் எனக்கு உயிர் போய்விடும்.

அத்தை தலையணைக்கு அடியில் வைத்திருந்த அப்படி ஒரு பைண்டிங்கைத்தான் பத்து வயதில் திருட்டுத்தனமாக எடுத்தேன். மலையில் ஒரு எஸ்டேட் பங்களா. காற்றே இல்லாத ராத்திரியில் கூடத்து ஊஞ்சல் தானாக ஆடும். கொலுசுச் சத்தம் கேட்கும். அவ்வளவுதான் கதை. கதையின் பேரைச் சொல்லப்போவதில்லை, கொஞ்ச நேரத்தில் அதைத் திட்டப்போகிறேன்.

எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் கூடத்திலும் ஒரு ஊஞ்சல் இருந்தது. பித்தளைச் சங்கிலி, வலதுபக்கக் கொக்கியில் மட்டும் 'கீ'ச்சென்று ஒரு சத்தம். எஸ்டேட்டை நான் எங்கே பார்த்தேன்? எனக்குத் தெரிந்த ஊஞ்சல் அது ஒன்றுதான். ஆகவே அந்தப் பேய் ஊட்டியிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ கிளம்பி நேராகத் திருவல்லிக்கேணிக்கு வந்து, ஹவுஸ் ஓனர் ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டது. சினிமாப் பேய்க்கு முகம், மேக்கப், பின்னணி இசை எல்லாம் யாரோ முடிவு செய்து கொடுத்துவிடுகிறார்கள். புத்தகத்துப் பேய்க்கு நம் வீட்டுச் சாமான்களை நாமேதான் எடுத்துக்கொடுக்க வேண்டும். அதனால்தான் அது போகவும் மாட்டேன் என்கிறது.

அந்த பைண்டிங்கை இருட்டினால் அரிசி டின்னுக்குள் போட்டு, மூடிமேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்துவிடுவேன். காலையில் குழவி வைத்த இடத்திலேயே இருந்தால் நிம்மதி. உடனே எடுத்து விட்ட இடத்திலிருந்து படிப்பேன். பாட்டி அரிசி எடுக்கப் போய் ஒருநாள் மாட்டிக்கொண்டேன். அத்தையிடம் சொல்லவில்லை, நல்லவள்.

அப்புறம் ஜுரம் வந்தது. பயந்திருக்கிறாள் என்று முடிவு கட்டிய பாட்டி, கோயில் துளசித் தீர்த்தம் கொடுத்தாள். மறுநாள் சாயங்காலம் கையைப் பிடித்து வாலாஜா பள்ளிவாசல் வாசலுக்கும் கூட்டிப் போனாள். தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்கள், வரிசையாக நிற்கும் குழந்தைகள்மேல் ஓதி ஊதிவிட்டுப் போவார்கள். வெள்ளைத் தாடிப் பெரியவர் ஒருவர் என் நெற்றியில் ஊதியபோது அத்தர் வாசனை அடித்தது. ஜுரம் விட்டது. பேய் ஆசை விடவில்லை.

ஆனால் கதை முடியவும் இல்லை. கடைசி அத்தியாயம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நூல் தொங்கியது. லைப்ரரி அண்ணனிடம் கேட்டதற்கு, "யாரோ கிழிச்சுட்டாங்க பாப்பா. உங்க அத்தைக்குக் கதை தெரியும், கேட்டுக்கோ" என்றார். திருடிப் படித்தவள் எப்படிக் கேட்பது? நானே முடித்துக்கொண்டேன். ஒருநாள் ஊஞ்சலில் இருப்பவள் பங்களாக்காரரின் செத்துப்போன முதல் மனைவி. இன்னொரு நாள் பிறக்காமல் போன குழந்தை. மின்சாரம் போன ஒரு ராத்திரி, ஊஞ்சலில் இருந்தது நானே. நான் இன்று எழுதுகிறேன் என்றால் அதற்கு எந்தத் தமிழ் ஆசிரியரையும்விட அந்தக் கிழிந்த பக்கத்துக்குத்தான் கடன்பட்டிருக்கிறேன்.

இவ்வளவு அமளியிலும் வீட்டில் யாரும் தடுக்காத ஒரு பேய் இருந்தது. 1947-இல் தொடங்கி, வடபழனியிலிருந்து வந்துகொண்டிருந்த அம்புலிமாமாவின் வேதாளம். பாட்டியே காசு கொடுத்து வாங்கித் தருவாள். யோசித்துப் பாருங்கள்: நடுராத்திரிச் சுடுகாடு, மரத்தில் தொங்கும் பிணம், அதை வெட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் ராஜா. பிணம் பேசும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும். சொன்னால் பிணம் பறந்துபோய் மறுபடி மரத்தில் ஏறிக்கொள்ளும். ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படத்தில் ராஜா கையில் உருவிய வாள் இருக்கும். இதைவிட என்ன திகில் வேண்டும்? கடைசியில் ஒரு நியாயக் கேள்வி வருகிறதாம், அதனால் அது நீதிக்கதையாம்!

பள்ளி லைப்ரரியில் டிராகுலாவின் சுருக்கப் பதிப்பு கிடைத்தது. பிராம் ஸ்டோக்கர் 1897-இல் எழுதியது. நாவல் முழுக்கவே டைரியும் கடிதமும் தந்தியும் பத்திரிகைச் செய்தியும்தான். ஊரே அந்தப் பிரபுவைப் பற்றி எழுதுகிறது, ஆள் பெரும்பாலும் கண்ணிலேயே படுவதில்லை. பிரபுவின் கோட்டையில் தங்கியிருக்கும் ஹார்க்கர் சவரம் செய்துகொண்டிருக்கும்போது தோளில் ஒரு கை விழுகிறது. கண்ணாடியில் அறை முழுக்கத் தெரிகிறது, பின்னால் நிற்கிறவரைத் தவிர. அப்பா தினமும் ஜன்னல் கம்பியில் சின்னக் கண்ணாடியை மாட்டிச் சவரம் செய்வார். ஒரு மாதம் போல, சும்மா போவதுபோல அவர் பின்னால் போய் நின்று, கண்ணாடியில் அவர் முகம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் கிளம்பினேன்.

பி.டி.சாமியின் மெல்லிய பேய் நாவல்களையெல்லாம் கணக்கில்லாமல் படித்தேன். அதைத் தனியாக எழுத வேண்டும்.

முப்பத்தைந்து வயதில், பைகிராஃப்ட்ஸ் ரோடு பிளாட்பாரத்தில் (பாரதி சாலை என்று பேர் மாற்றி எவ்வளவோ காலமாகிவிட்டது, என் வாயில் இன்னும் வரவில்லை) அந்த எஸ்டேட் கதை முழுப் புத்தகமாகவே கிடைத்தது. இருபது ரூபாய். வாங்கி, அங்கேயே ஸ்கூட்டர்மேல் சாய்ந்துகொண்டு கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். பேயே இல்லை! சொத்துக்காகக் கணக்குப்பிள்ளை பண்ணிய வேலையாம். ஊஞ்சலை ஆட்டியது நைலான் கயிறு. கொலுசுச் சத்தம் டேப் ரெக்கார்டர். இருபத்தைந்து வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவளை ஒரு கணக்குப்பிள்ளை காலி செய்துவிட்டான்.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமில்லை. ஆன் ராட்கிளிஃப் என்ற நாவலாசிரியை 1790-களிலேயே இங்கிலாந்தில் இப்படித்தான் பக்கம் பக்கமாகப் பயமுறுத்திவிட்டுக் கடைசியில் காரணம் சொன்னார். பகுத்தறிவுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் கணக்குப்பிள்ளையைக் காட்டியதும் கதை செத்துவிடுகிறது, மறுபடி படிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யைப் பாருங்கள். பிச்சை கேட்டு வந்தவளை வேலைக்கு வைத்துக்கொள்கிறது ஓர் எழுத்தாளன் வீடு. அவள் யார், நடந்ததெல்லாம் நிஜமா, பிரமையா என்று தீர்ப்புச் சொல்லாமலே விட்டுவிடுகிறார். அதனால்தான் நான் இன்னும் அதைப் பகலில்தான் படிக்கிறேன்.

பேய்க்கதை நம் கலாசாரமில்லை என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். அரக்கோணம் ரயிலில் ஏறித் திருவாலங்காட்டில் இறங்கிப் பார்க்கட்டும். அங்கேதான், "கொங்கை திரங்கி" என்று தொடங்கி, வற்றிய உடம்பும் புடைத்த நரம்புமாகக் காட்டில் அலறும் பெண்பேயைப் பாடினார் காரைக்கால் அம்மையார். தன்னையே காரைக்கால் பேய் என்று சொல்லிக்கொண்டவர். கலிங்கத்துப் பரணியிலோ பேய்கள் போர்க்களத்திலேயே அடுப்பு மூட்டிக் கூழ் காய்ச்சுகின்றன. இதையெல்லாம் கும்பிடுவோம், பரீட்சையில் கேட்போம். பத்து வயதுப் பையன் ஆசையாகப் படித்தால் மட்டும் புத்தகத்தைப் பிடுங்கிவிடுவோம்.

எல்லாக் குழந்தைக்கும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்லவில்லை. எனக்கே ஜுரம் வந்தது. ஆனால் வாழ்க்கையில் வருகிற மற்ற பயங்களை மூடி அரிசி டின்னில் வைக்க முடியாது, இதை முடியும். மூடுவதும் திறப்பதும் அந்தப் பிள்ளை கையில் இருக்கிறது. போன புத்தகக் கண்காட்சியில் பத்து வயதுக்கு ஏற்ற பேய்க்கதை தமிழில் இருக்கிறதா என்று கடை கடையாகக் கேட்டேன். ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தெனாலிராமனை எடுத்து நீட்டினார். பிறகு பிள்ளைகள் தமிழே படிப்பதில்லை என்று அதே அரங்கில் மைக் பிடித்துப் பேசுகிறார்கள்.

இதையெல்லாம் எழுதலாமென்று ஞாயிற்றுக்கிழமை அத்தையிடம் போய்ப் பழைய திருட்டை ஒப்புக்கொண்டேன். எண்பது வயதாகிறது. கடைசி அத்தியாயம் கிழிந்திருந்ததைச் சொன்னதும் சிரித்தாள்.

"நான்தான்டி கிழிச்சேன். கதை சப்புன்னு முடிஞ்சுது. பின்பக்கம் எம்ப்ராய்டரி டிசைன் போட்டிருந்தான், மயில். உன் தலையணை உறைக்குத்தானே போட்டேன், ஞாபகமில்ல?"