படகு இன்சூரன்ஸ்ல பிரீமியம் மட்டும் பாத்தா போதாது

படகு இன்சூரன்ஸ பிரீமியம் எங்க கம்மியோ அங்க எடுங்கன்னு உங்க கட்டுரைல போட்டிருக்கீங்க, அத மட்டும் என்னால ஒத்துக்க முடியல. நானும் அப்படித்தான் எடுத்தேன். கட்டிப்போட்ட இடத்துலயே படகு ராத்திரியோட ராத்திரியா முங்கிடுச்சு, என்னன்னு பாத்தா அடியில கடல்தண்ணி குழாய இறுக்கிப் பிடிக்கற கிளாம்ப் துருப்பிடிச்சு விட்டுப்போச்சு, கை வச்சா பொலபொலன்னு உதிருது. இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் வந்து பாத்துட்டு இது தேய்மானம், சரியா பராமரிக்கலன்னு எழுதி கிளெய்மை தள்ளிட்டாங்க. அதுக்கு மேல முங்குன படகை தூக்கற செலவும் என் தலையில.

அதனால எது கவர் ஆகும்னு படிக்கறதுக்கு முன்னாடி எது ஆகாதுங்கற பக்கத்தை படிங்க. அப்புறம் மதிப்பு விஷயம், படகு முழுசா போனா முன்னாடியே பேசி வச்ச தொகைய அப்படியே தருவாங்களா இல்ல அன்னிக்கு மார்க்கெட் விலைல தேய்மானம் கழிச்சுட்டு தருவாங்களான்னு கேளுங்க, பழைய படகுக்கு இந்த ரெண்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதல் வகைக்கு பிரீமியம் கொஞ்சம் கூடத்தான் வரும், வந்துட்டு போகட்டும். எந்த எல்லைக்குள்ள ஓட்டலாம், எந்த மாசம் கரையில ஏத்தி வச்சிருக்கணும்னும் சில பாலிசில இருக்கும், அந்த மாசத்துல இறக்கி ஓட்டி ஏதாவது ஆச்சுன்னா பைசா தேறாது. சிதைஞ்ச படகை அப்புறப்படுத்த தனி கவர் இருக்கான்னு எழுத்துல வாங்கிக்கோங்க, போன்ல சொன்னதெல்லாம் பின்னாடி நிக்காது.