புல்லு வெட்டுகிற மீன்

போன ஞாயிறு ஹட்டன் சந்தையில், ஐஸுக்கு நடுவே பச்சையும் நீலமுமாய் ஒரு மீன். வாய் அச்சு அசல் கிளி மூக்கு. "கிளிமீன் தங்கச்சி, முள்ளுக் குறைவு, கொண்டு போங்க" என்றார் மீன்கார அண்ணன். நான் வாங்கவில்லை. சந்தை நெரிசலில் அவருக்கு விளக்க முடியவில்லை, இங்கே எழுதுகிறேன்.

அம்மா தேயிலைத் தோட்டத்தில் பல வருஷம் புல்லு வெட்டினவர். கொழுந்தென்றால் கிலோக் கணக்கு உண்டு. வெட்டின புல்லை யார் நிறுத்துப் பார்த்தார்கள்? செலவு கூட என்று தோட்டம் அந்த வேலையைக் குறைத்த பிறகுதான் தெரிந்தது. ரெண்டே வருஷத்தில் மலை காடாகி, தேயிலை எங்கே என்று தேடவேண்டி வந்தது.

கடலடியில், பவளப்பாறை என்கிற முருகைக்கல்லில் அந்த வேலையைப் பார்ப்பது கிளிமீன். முருகைக்கல் உயிருள்ளது, ஆனால் ஆமை வேகத்தில் வளரும். பாசி அப்படியில்லை, விட்டால் மூடிவிடும். கிளிமீன் பகல் முழுக்கக் கல்லைச் சுரண்டித் தின்று, புது முருகைக் குஞ்சு ஒட்டிப் பிடிக்க இடம் விட்டுக் கொடுக்கிறது. கரீபியன் கடலில் 1983இல் பாசி தின்கிற கடல் முள்ளெலிகள் நோய் வந்து கூட்டங்கூட்டமாகச் செத்தன. கிளிமீனையும் ஏற்கெனவே பிடித்துத் தீர்த்திருந்த இடங்களில் பாசியைத் தடுக்க ஆளில்லை. பெலீஸ் நாடு 2009இல் கிளிமீன் பிடிக்கவே தடை போட்டது. நம் ஹிக்கடுவையிலும் 1998இல் கடல் சூடேறி முருகைக்கல் வெளுத்துச் செத்தது. செத்த கல்லில் முதலில் குடியேறுவது பாசிதான்.

ஒரு வித்தியாசம் உண்டு. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் சுரண்டியால் மலையை மொட்டையாகச் சுரண்டி, மேல்மண் மழையோடு போனது. கிளிமீன் சுரண்டினால் மணல் உண்டாகிறது! பாசியோடு கல்லையும் கடித்து, தொண்டைக்குள் இருக்கிற இன்னொரு பல்வரிசையால் அரைத்து, வெள்ளை மணலாகக் கழிக்கிறது. மாலைத்தீவில் ஒரு தீவைச் சுற்றி ஆராய்ந்தவர்கள், அங்கே புதிதாக உண்டாகும் மணலில் 85 சதவீதத்துக்கு மேல் கிளிமீன் தந்தது என்று 2015இல் எழுதினார்கள். தேனிலவுப் படம் போடுகிறவர்கள் கவனிக்க.

"மலையில இருக்கிற உனக்கு ஏன் கடல் கவலை?" என்றான் தம்பி. தலவாக்கலையைக் கடக்கிற கொத்மலை ஓயா மகாவலியில் சேர்ந்து, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் விழுகிறது. நடுவில் அணைகள் சேற்றைப் பிடித்துவைக்கும், சரி. தேயிலைக்குப் போட்டுக் கரைந்து வருகிற உரம் முழுவதையும் எந்த அணை பிடிக்கும்? பாசிக்கு அதுதானே சாப்பாடு. பாசிக்கும் தீனி போட்டு, அதைத் தின்கிற மீனையும் நாமே குழம்பு வைத்தால் எப்படி?

அன்றைக்கு வீட்டில் சாளைக் குழம்பு. முள்ளு கூட என்று அம்மாதான் முகம் சுளித்தார்.