சொந்தக் காரணங்கள்

வேலையை விட்டுப் போகிறவர்கள் நிரப்பிக் கொடுக்கும் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். பெரும்பாலானோர் அதில் 'சொந்தக் காரணங்கள்' என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். மனிதவளத் துறையில் பல வருடம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், அதற்கு 'உங்களிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை' என்று அர்த்தம்.

சில வருடங்களுக்கு முன் நான் இருந்த நிறுவனத்தில் ஒரு திருநங்கை கணக்குப் பிரிவில் சேர்ந்தார். நேர்காணலிலேயே எங்கள் எல்லோருக்கும் அவரைப் பிடித்துவிட்டது. கேட்ட கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்வார், தெரியாததைத் தெரியாது என்பார். சேர்ந்த அன்று பூங்கொத்து, புகைப்படம், நிர்வாகத் தலைவரின் பெருமிதப் பதிவு, அதன் கீழே வரிசையாக இதயங்கள். ஏழாவது மாதம் அவரும் 'சொந்தக் காரணங்கள்' என்று எழுதிக் கொடுத்தார். வாங்கிக் கோப்பில் வைத்தவன் நான்தான்.

அந்த ஏழு மாதத்தில் அவரை யாரும் திட்டவில்லை, கேலி செய்ததாகவும் புகார் இல்லை. நடந்ததெல்லாம் சில்லறை விஷயங்கள். சான்றிதழ்களில் பழைய பெயர் இருந்ததால் மின்னஞ்சலிலும் பழைய பெயரே வந்தது. மாற்றித் தரச் சொன்னால், "சிஸ்டம்ல அப்படித்தான் வரும்" என்றார்கள். ஒவ்வொரு கூட்ட அழைப்பிலும் அந்தப் பெயர். புதிதாக வருகிறவர் அதைச் சத்தமாகப் படிப்பார், அறை ஒரு நொடி அமைதியாகும், இவர் சிரித்துச் சமாளிப்பார். கழிப்பறைக்கு வேறு மாடிக்குப் போகச் சொல்லியிருந்தோம், 'தற்காலிகமாக'. அலுவலகத்துக்கு விருந்தினர் யார் வந்தாலும் அவரைக் கூட்டிவந்து பக்கத்தில் நிறுத்துவோம். அன்றைக்கு முடிக்க வேண்டிய கணக்கை அவர் மாலையில் கூடுதலாக உட்கார்ந்து முடிப்பார். ஒருமுறை நானே கேட்டேன், எல்லாம் சரியாகப் போகிறதா என்று. "பரவாயில்ல சார், பழகிடுச்சு" என்றார். நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது.

திருநர் (திருநங்கைகள், திருநம்பிகள்) வேலைவாய்ப்பு என்று பேச்செடுத்தாலே நாம் வாசலைப் பற்றித்தான் பேசுகிறோம். எத்தனை பேரை உள்ளே எடுத்தோம் என்று. அவர்களில் எத்தனை பேர் ஒரு வருடம் கழித்தும் அங்கேயே இருக்கிறார்கள், யாருக்குப் பதவி உயர்வு கிடைத்தது என்று கேட்க யாருமில்லை. 2017-இல் கொச்சி மெட்ரோ ரயில் தொடங்கியபோது இருபதுக்கும் மேற்பட்ட திருநர்களைப் பணியில் சேர்த்தது பெரிய செய்தி. நல்ல முயற்சி, அதில் சந்தேகமில்லை. ஆனால் சில வாரங்களுக்குள் அவர்களில் பலர் வேலையை விட்டுவிட்டார்கள். முக்கியக் காரணம், தங்க இடம் கிடைக்கவில்லை. திருநர் என்றதும் வீட்டுக்காரர்கள் கையை விரித்தார்கள். விடுதியில் தங்கினாலோ, வாங்குகிற சம்பளம் அறை வாடகைக்கே போதவில்லை. வேலை கொடுத்த இடத்துக்கும் வேலைக்கு வர வேண்டிய ஆளுக்கும் நடுவே ஒரு வாடகை வீடு இருக்கிறது என்பது ஆள் எடுக்கும்போது யாருக்கும் தோன்றாது. நிறுவனத்தின் பெயர் அச்சடித்த தாளில் 'இவர் எங்கள் ஊழியர், வாடகைக்கு நாங்கள் பொறுப்பு' என்று ஒரு கடிதம் கொடுத்தால் பல கதவுகள் திறக்கும். வெளியூரிலிருந்து மாற்றலாகி வரும் மேலாளர்களுக்கு இதையெல்லாம் கேட்காமலே செய்கிறோம்தானே?

லின் கான்வே பற்றித் தெரிந்தவர்கள் இங்கே குறைவாக இருக்கலாம். அமெரிக்கக் கணினி விஞ்ஞானி. 1960-களில் ஐபிஎம் நிறுவனத்தில் அதிவேகக் கணினி வடிவமைப்பில் இருந்தவர். பெண்ணாக மாறப்போகிறேன் என்று சொன்னதும் 1968-இல் வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். அதன்பின் புதுப் பெயரில், பழைய அனுபவத்தை வெளியே சொல்ல முடியாமல், சாதாரண ஒப்பந்த புரோகிராமராக முதலிலிருந்து தொடங்கினார். அப்புறம் ஜெராக்ஸ் ஆய்வகத்துக்குப் போய், சிப் வடிவமைக்கும் முறையையே மாற்றியவர்களில் ஒருவரானார். ஐபிஎம் மன்னிப்புக் கேட்டது 2020-இல். 52 வருடம். நல்ல வேளை, அவர் அதைக் கேட்க உயிரோடு இருந்தார், 2024-இல்தான் காலமானார்.

அவருடைய மேதைமையைவிட, அந்த 'முதலிலிருந்து' என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. இன்றைக்கும் நடப்பது அதுதான். எட்டு வருட அனுபவம் இருக்கும், ஆனால் அனுபவச் சான்றிதழ் எல்லாம் பழைய பெயரில் இருக்கும். அதைக் காட்டினால் அறிமுகமே இல்லாத ஒருவரிடம் தன் வாழ்க்கைக் கதையை ஒப்பிக்க வேண்டும். காட்டாவிட்டால் புதுமுகத்தின் சம்பளம். என் துறைக்காரர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: உங்களிடம் முன்பு வேலை பார்த்த ஒருவர் பெயரை மாற்றிக்கொண்டு வந்து, சான்றிதழைப் புதுப் பெயரில் கேட்டால், இழுத்தடிக்காமல் கொடுத்துவிடுங்கள். அவர் செய்த வேலை அவருடையதுதானே. பின்னணிச் சரிபார்ப்பில் பழைய பெயர் தெரியவந்தால் அது உங்களோடு இருக்கட்டும்; டீம் லீடருக்குத் தெரிய வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. இந்தியாவின் 2019 திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வேலையில் பாகுபாடு கூடாது என்கிறது, புகார்களைக் கவனிக்க ஒரு அலுவலரை நியமிக்கவும் சொல்கிறது. அப்படி ஒரு அலுவலர் உங்கள் நிறுவனத்தில் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கு வெகு காலம் தெரியாது; இத்தனைக்கும் அந்த அலுவலராக இருந்திருக்க வேண்டியவனே நான்தான். அமெரிக்காவில் எய்மி ஸ்டீபன்ஸ் என்ற பெண், இறுதிச் சடங்கு நடத்தும் நிறுவனமொன்றில் ஆறு வருடத்துக்குப் பக்கமாக வேலை பார்த்தவர். இனி பெண்ணாகவே வேலைக்கு வரப்போகிறேன் என்று 2013-இல் கடிதம் கொடுத்தார், வேலை போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 ஜூனில் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. அவர் இறந்தது அதற்கு முந்தைய மாதம். சட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. சம்பளம் இல்லாமல் ஏழு வருடம் காத்திருக்க யாரால் முடியும் என்றுதான் கேட்கிறேன்.

நான் படித்ததில் கொஞ்சம் யோசித்து எழுதப்பட்ட சட்டம் அர்ஜென்டினாவுடையது. 2021-இல் வந்தது. அரசுப் பணியிடங்களில் குறைந்தது 1 சதவீதம் திருநர்களுக்கு. அதைவிட எனக்குப் பிடித்தது அடுத்த வரி: படிப்பை முடிக்கவில்லை என்பதற்காக ஒருவரைத் தள்ளக் கூடாது, சேர்ந்தபிறகு படித்து முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எடுத்துக்கொள்ளலாம். வீட்டை விட்டும் பள்ளியை விட்டும் சின்ன வயதில் துரத்தப்பட்டவரிடம் போய்ப் பட்டச் சான்றிதழ் கேட்பதில் உள்ள அபத்தம் அந்தச் சட்டத்தை எழுதியவருக்குப் புரிந்திருக்கிறது.

'எல்லோரும் சமம், தனிச் சலுகை எதற்கு' என்று பின்னூட்டம் வரும், தெரியும். என் பெயரில் என் மின்னஞ்சல் இருப்பது எனக்குச் சலுகையாக ஒருநாளும் தோன்றியதில்லை. 'வாடிக்கையாளர் என்ன சொல்வார்' என்பவர்களுக்கு: வாடிக்கையாளர் தன் வேலை முடிந்ததா என்றுதான் பார்க்கிறார்.

இன்னொன்று. வரவேற்பு மேசை, விளம்பரப் பலகை என்று கண்ணில் படும் இடமாகப் பார்த்து ஒரே ஒருவரை உட்காரவைத்துவிட்டு 'எங்களிடம் பன்முகத்தன்மை உண்டு' என்று சொல்லிக்கொள்வதை நிறுத்தலாம். அவருக்குக் கணக்கு வந்தால் கணக்கு, வெல்டிங் வந்தால் வெல்டிங். முடிந்தால் இரண்டு மூன்று பேராக எடுங்கள். தனி ஆளாக இருப்பவருக்குத் தன் வேலையோடு, ஐம்பது பேரின் சந்தேகங்களைத் தீர்க்கும் ஆசிரியர் வேலையும் சேர்ந்துவிடுகிறது. 'ஆபரேஷன் முடிஞ்சுதா?' என்று மதிய இடைவேளையில் கேட்பவரை அடக்க வேண்டியது மேலாளரின் பொறுப்பு. மருத்துவ விடுப்பும் அப்படித்தான். மற்றவர் அறுவை சிகிச்சைக்கு எத்தனை நாள், என்ன காகிதம் என்று மட்டும் கேட்கிறோமோ, இவரிடமும் அதை மட்டும் கேட்டால் போதும்.

இப்போது வேறு நிறுவனத்தில் இருக்கிறேன். போன வருடம் கிடங்குப் பிரிவுக்கு ஒரு திருநம்பியை, அதாவது பிறப்பில் பெண் என்று பதிவான ஆணை, எடுத்தோம். சேரும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே அவரைக் கூப்பிட்டு, அடையாள அட்டையில் என்ன பெயர் வேண்டும், எந்தக் கழிப்பறை அவருக்குச் சௌகரியம் என்று கேட்டுக்கொண்டேன். பெயர் விஷயத்தில் இங்கேயும் கணினிப் பிரிவுப் பையனிடமிருந்து அதே பதில்தான், "சிஸ்டம்ல வராது சார்." இந்த முறை நான் எழுந்து போகவில்லை. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அந்தப் பையன் இரண்டு மூன்று பக்கம் திறந்து பார்த்தான். சட்டப்படியான பெயருக்கு ஒரு கட்டம், திரையில் தெரியும் பெயருக்கு வேறொரு கட்டம், தனித்தனியாக இருந்தது. மாற்றிச் சேமிக்க நான்கு நிமிடம் ஆனது.

பூங்கொத்து, புகைப்படம் எதுவும் கொடுக்கவில்லை. ஆள் இன்னும் இருக்கிறார். நேற்றுகூட ஷிஃப்ட் பட்டியலில் தன்னை மட்டும் மூன்று வாரமாக இரவிலேயே போடுகிறார்கள் என்று என் மேசைக்கு முன்னால் நின்று அரை மணி நேரம் சண்டை போட்டுவிட்டுப் போனார்.