பென்சில் புள்ளடியில கையெழுத்து வையாதேங்கோ

பள்ளிக்கூட வாசலில், படிப்பில் விசேட உதவி தேவைப்படுகிற பிள்ளையை ஏத்த வந்த தாயிடம் ஒரு படிவம் நீட்டப்படும். கையெழுத்துக்கான இடத்தில் பென்சிலால் புள்ளடி. "ஒருக்கா வையுங்கோ அம்மா, வலயத்துக்கு அனுப்போணும்." பெற்றோர் சம்மதம் எடுத்தாயிற்று!

அந்த ஒரு கையெழுத்துக்குள் மூன்று கேள்விகள் கிடக்கின்றன. பிள்ளையை மதிப்பீடு செய்யலாமா? விசேட கல்வி அலகில் விடுவதா, வழமையான வகுப்பிலேயே உதவியோடு வைத்திருப்பதா? அந்தப் பிள்ளைக்கென்றே எழுதுகிற தனியாள் கல்வித் திட்டத்தில் இருப்பது சரியா? முதலாவதுக்கு ஓம் சொன்னவர் இரண்டாவதுக்கும் ஓம் சொன்னதாக எப்படி எடுப்பது?

அமெரிக்கச் சட்டம் இதைப் பிரித்தே வைத்திருக்கிறது. முதல் மதிப்பீட்டுக்கு ஒரு எழுத்துச் சம்மதம், சேவை தொடங்க முதல் இன்னொன்று. விளக்கம் பெற்றோரின் தாய்மொழியில். மாநிலம் வேறு காலம் குறிக்காவிட்டால், சம்மதம் கிடைத்து 60 நாளுக்குள் மதிப்பீடு முடியவேண்டும். சேவை தொடங்கவே வேண்டாம் என்று தாய் மறுத்தால் பாடசாலை வழக்காடியும் அதை மீற முடியாது. எங்கட இலங்கையில், இயலாமையுள்ள ஆட்களின் உரிமைகளுக்கான 1996 ஆம் ஆண்டு 28 ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு கூடாது என்கிறது. கையெழுத்து விசயத்தில் இவ்வளவு நுணுக்கம் அதில் இல்லை. ஆகவே நாங்கள்தான் கவனமாக இருக்கவேணும்.

படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோங்கோ. "நாளைக்குத் தாறன் ரீச்சர்" என்றால் ஒருத்தரும் கோவிக்க மாட்டினம், கோவிச்சாலும் பரவாயில்லை. நிரப்பாத தாளில் வையாதேங்கோ. (பிறகு நிரப்புவது கெட்ட எண்ணத்தால் என்றில்லை, ரீச்சருக்கு நேரம் இல்லை.) வைத்திய அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லுங்கோ. கையெழுத்துக்கு மேலே உங்கட கையாலேயே "மதிப்பீட்டுக்கு மட்டும் சம்மதம்" என்று எழுதித் திகதி போடுங்கோ. ஒரு போட்டோக்கொப்பி வீட்டில் இருக்கட்டும்.

திட்டத்தில் இலக்கு என்ற பகுதியை இரண்டு தரம் வாசியுங்கோ. "வாசிப்பை மேம்படுத்தல்" என்பதற்கு ஆரும் ஓம் சொல்லலாம், அதில் ஒன்றுமே இல்லையே. "இரண்டாம் தவணை முடிவில் 10 சொல் அட்டைகளில் 8 ஐ உதவியில்லாமல் வாசிப்பான், கிழமைக்கு 3 நாள், 20 நிமிடம்" என்றிருந்தால்தான் திருத்தம் சொல்ல இடம் வரும். பத்து நிமிடத்தில் அவன் கதிரையை விட்டு எழும்பிவிடுவான் என்று தாய்க்குத்தானே தெரியும்?

தாய் தகப்பன் வெளிநாட்டில், பிள்ளை அம்மம்மாவோடு என்ற வீடுகளில் ஆர் கையெழுத்து வைப்பது என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கி பைலில் போடவேணும். வாட்ஸ்அப்பில் வந்த "ஓம்" பைலுக்குள் போகாது.

மனம் மாறினால் அதிபருக்கு ஒரு கடிதம், பிரதி வலயக் கல்விப் பணிமனைக்கு. தவணைக்கு ஒருக்கா, நீங்கள் கையெழுத்து வைத்த தாளை எடுத்துக் காட்டச் சொல்லுங்கோ. கேளாவிட்டால், முதலாம் வகுப்பில் வைத்த கையெழுத்து ஐந்தாம் வகுப்பிலும் அப்படியே கிடக்கும்.