ஆசிட் பூச்சி காட்டுப் பூச்சியா?

இரவில் விளக்கைத் தேடி வரும் 'ஆசிட் பூச்சி' காட்டில் வாழ்வது, காடுகளை அழித்ததால் வீடுகளுக்குள் வருகிறது என்று ஒரு பதிவு சொல்கிறது. இது ரோவ் வண்டு என்ற வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் காட்டுச் சருகில் வாழும் இனங்கள் நிறைய உண்டு, ஆனால் இது அந்தக் கூட்டத்தில் இல்லை. அந்தப் பதிவின் படத்தில் இருப்பது பீடெரஸ் ஃபஸ்சிபெஸ் என்ற இனம்: 7–8 மி.மீ. நீளம், கருந்தலை, ஆரஞ்சு மார்பு, நீலம் மின்னும் குட்டை இறக்கை உறை, கருப்பு வால்நுனி. ஐரோப்பாவிலிருந்து ஜப்பான், ஆஸ்திரேலியா வரை பரவிய இனம். இருப்பிடம் ஈரமான வயல்வெளி. நெல்லில் தத்துப்பூச்சிகளைத் தின்பதால் உழவருக்கு உதவியும்கூட. அறுவடையும் உழவும் நடக்கும்போது இடம்பெயர்ந்து வெளிச்சத்துக்கு வருகிறது. மலேசியாவின் பினாங்கில் வயலோர அடுக்குமாடிகளில் இதே போக்கை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

நீங்களே சரிபார்க்கலாம். பூச்சி வரும் தேதிகளைக் குறித்து, பக்கத்து வயலின் அறுவடை, உழவுத் தேதிகளோடு ஒப்பிடுங்கள். நெல் தூரடியிலும் வரப்பு வெடிப்புகளிலும் குச்சியால் கிளறிப் பாருங்கள். வெறுங்கையால் வேண்டாம், நசுங்கினால் பூச்சியிலிருந்து வெளிவரும் பெடரின் என்ற நச்சுதான் தோலைப் புண்ணாக்குவது. வயலே இல்லாத ஊர் என்றால் ஏரிக்கரை, வாய்க்கால் ஓரப் புல்லில் தேடலாம்.