ஒரு மிதிவெடிக்கு ஆயிரம் டாலரா? – உண்மை விளக்கம்

"சில டாலர் பெறும் மிதிவெடியை எடுக்க ஆயிரம் டாலர் கணக்குக் காட்டி உதவி நிதியை விழுங்குகிறார்கள்" என்று பரவும் தகவல் தவறு. செலவு வெடிக்கு அல்ல, நிலத்துக்கு.

இலங்கையின் வடக்கே உள்ள முகமாலையில், உள்நாட்டுப் போரின் பழைய முன்னரங்க மண்ணெங்கும் ஷெல் சிதறல்கள். உலோகங்காட்டி எல்லாவற்றுக்கும் ஒலிக்கும். ஒவ்வொரு ஒலியையும் வெடியென்றே கருதி, பக்கவாட்டிலிருந்து மெல்லத் தோண்டவேண்டும். 'பி4' வகை மிதிவெடியில் உலோகம் மிகக் குறைவு. கருவியின் உணர்திறனைக் கூட்டினால் பொய்யொலி பெருகும். அதனால்தான் நீண்ட பிடியுள்ள வாரிகளால் மண்ணையே அடுக்கடுக்காகச் சுரண்டுகிறார்கள். வெடியே கிடைக்காத சதுர மீட்டருக்கும் அதே உழைப்புத்தான். அதை விட்டுவிட்டால் காணியை உரியவரிடம் கையளிக்க முடியாது.

நிதியைக் கேள்வி கேட்பது நியாயமே. ஆனால் விடுவித்த பரப்பையும் தரச்சோதனை அறிக்கையையும் கேளுங்கள். மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கைப்படி, அவற்றை அகற்றி முடிக்க இலங்கைக்கான காலக்கெடு 2028 ஜூன். இந்த வதந்தியால் நிதி குறைந்தால் வேலைதான் நிற்கும்.