கணிப்புகளை ஓரமாக வைத்துவிட்டு நாட்காட்டியை எடுங்கள்

டிசம்பர் வந்தால் போதும், அடுத்த ஆண்டு உலகம் எப்படி இருக்கும் என்று சொல்ல ஒரு கூட்டமே கிளம்பிவிடுகிறது. வங்கிகள், ஆய்வு நிறுவனங்கள், யூடியூப் நிபுணர்கள், ஜோசியர்கள். ஜோசியரிடமாவது பரிகாரம் கேட்கலாம்.

நானும் இந்த அறிக்கைகளை விரும்பிப் படிப்பவன்தான். ஆனால் சில வருடங்களாக ஒரு பழக்கம் வந்துவிட்டது: புதியதைத் திறக்கும் முன் அதே ஆள் போன வருடம் என்ன எழுதினார் என்று தேடிப் படிப்பேன். பாதி மயக்கம் அங்கேயே தெளிந்துவிடும்.

2022 அக்டோபரில் நிதிச் செய்தி நிறுவனமான ப்ளூம்பெர்க்கின் பொருளாதார மாடல் ஒன்று, ஒரு வருடத்துக்குள் அமெரிக்காவில் மந்தநிலை வர 100 சதவீத வாய்ப்பு என்றது. நூறு! வந்ததா? 2023-இல் அந்தப் பொருளாதாரம் இரண்டரை சதவீதத்துக்குக் குறையாமல் வளர்ந்தது.

ஐஎம்எஃப், அதாவது சர்வதேச நாணய நிதியத்தின் கதை இன்னும் சுவாரசியம். 2025-க்கான உலக வளர்ச்சி ஜனவரியில் 3.3 சதவீதம் என்றார்கள், ஏப்ரலில் 2.8, ஜூலையில் 3.0, அக்டோபரில் 3.2. சுற்றிச் சுற்றிக் கிட்டத்தட்ட புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டார்கள். அவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று சொல்லவில்லை. ஏப்ரல் 2 அன்று டிரம்ப் உலகம் முழுவதற்கும் வரி அறிவித்து, ஒரே வாரத்தில் பெரும்பாலான நாடுகளுக்கு 90 நாள் நிறுத்தி வைத்தால் எந்த மாடல்தான் தாங்கும்?

அரசியலில் இது இன்னும் மோசம். சிரியாவில் அசாத் குடும்பம் ஐம்பது வருடங்களுக்கு மேல் ஆண்டது. 2024 நவம்பர் 27 அன்று கிளர்ச்சிப் படைகள் புறப்பட்டன, டிசம்பர் 8 அன்று ஆட்சியே இல்லை. அந்த ஆண்டின் தொடக்கத்தில் நான் படித்த எந்த அறிக்கையிலும் இதைப் பார்த்ததாக நினைவில்லை.

அதனால் என் முறை வேறு. என்ன நடக்கும் என்று யோசிப்பதை விட, எது எந்தத் தேதியில் நடந்தே ஆக வேண்டும் என்று பார்ப்பேன். இதை எழுதுவது 2025 இறுதியில், அதனால் 2026-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி 5 அன்று அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையிலான நியூ ஸ்டார்ட் ஒப்பந்தம் காலாவதியாகிறது. ஆளுக்கு 1,550 அணுகுண்டுகளுக்கு மேல் ஏவத் தயாராக நிறுத்தக் கூடாது என்ற அந்த வரம்புக்குச் சட்டப் பிடிமானம் அதோடு போகும். இதைவிடப் பெரிய செய்தி எது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் எல்லாரும் பங்குச் சந்தையைப் பற்றியே பேசுகிறார்கள். மே மாதம் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் தலைவராக ஜெரோம் பவலின் காலம் முடிகிறது. ஜூலை 1 அமெரிக்கா, மெக்சிகோ, கனடா வர்த்தக ஒப்பந்தத்தின் மறுஆய்வு. ஐநா பொதுச்செயலாளர் குட்டெரெஸுக்கு அடுத்து யார் என்பதும் அந்த வருடத்துக்குள் முடிவாக வேண்டும். இதற்கெல்லாம் தொலைநோக்கு எதுவும் வேண்டாம், தேதி பார்க்கத் தெரிந்தால் போதும்.

சரி, என் பங்குக்கு நானும் மாட்டிக்கொள்கிறேன், சதவீதத்தோடு. அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் வரும் அமெரிக்க இடைக்காலத் தேர்தலில், நவம்பர் 3 அன்று, ஜனநாயகக் கட்சி பிரதிநிதிகள் சபையைப் பிடிக்கும்: 75. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இடைக்காலத் தேர்தலில் அதிபரின் கட்சி அந்தச் சபையில் இடங்களைக் கூட்டிக்கொண்டது 1998, 2002 என இரண்டே முறைதான், அதனால் இந்தத் துணிச்சல். உக்ரைனில் ஆறு மாதம் தாக்குப்பிடிக்கும் போர்நிறுத்தம் வரும்: 25. பவலுக்குப் பின் வருபவர் வட்டியைக் குறைக்கச் சொல்லி வெள்ளை மாளிகையிலிருந்து வெளிப்படையாகவே அழுத்தம் வரும்: 90, இதில் கணிப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை, 2025-இல் பவலுக்கே அது நடந்துகொண்டுதான் இருந்தது.

அப்புறம், தங்கம் எங்கே போகும் என்று மட்டும் இன்பாக்ஸில் கேட்காதீர்கள். 2025 அக்டோபரில் அவுன்ஸ் 4,000 டாலரைத் தாண்டியதே, 2024 டிசம்பரில் யாராவது அதைச் சொல்லியிருந்தால் நான்தான் முதலில் சிரித்திருப்பேன்.